பில்லில் பிடித்த ஒரு சதவீதம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் புது ஷெட் எழும்புகிறது என்றால் போர்டில் பெரிய காண்டிராக்டர் பெயர் மட்டும் இருக்கும். வேலையை இழுப்பது அவருக்குக் கீழே உள் காண்டிராக்ட் எடுத்தவர்கள்: சென்ட்ரிங்குக்கு ஒருவர், கம்பி கட்ட ஒருவர், பூச்சுக்கு, டைல்ஸுக்கு ஒருவர். சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் அரை ரூபாய் விடமாட்டார்கள். அதே ஆட்கள் வரி என்றதும் எழுந்து போய்விடுவார்கள். கம்பெனிக் கணக்கில் உட்கார்ந்து இவர்கள் பில்லைப் பார்த்தே வயதானவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தனி ஆளாகக் காண்டிராக்ட் எடுத்தால் பில்லில் நூற்றுக்கு ஒரு ரூபாய் டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருடத்துக்கு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடித்தே ஆக வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். (194சி என்று எங்கள் வாயில் பழகிய பிரிவு எண் 2026 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் மாறிவிட்டது. பிடிக்கும் கை மாறவில்லை.)

"கவர்மென்டுக்குப் போன காசு, விடுங்க சார்" என்பார் மேஸ்திரி. எங்கே போனது? உங்கள் பான் எண்ணில் வரவாக உட்கார்ந்திருக்கிறது. ரிட்டர்ன் போட்டுக் கேட்டால் வரும், கேட்காவிட்டால் வராது.

அடுத்தது செலவுக் கழிவு. சிறு தொழிலுக்கு அனுமான வருமானம் என்று ஒரு வழி உண்டு. பணம் பேங்க் வழியாக வந்தால் வரவில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கமாக வந்தால் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். கூலி, டீசல், மிக்சர் வாடகை எல்லாம் அதற்குள் அடக்கம். தனியாகக் கழிக்க முடியாது. லாபம் அதைவிடக் குறைவு என்பவர் முழுக் கணக்கு எழுத வேண்டும், ஆடிட்டும் வரலாம். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சனிக்கிழமை பட்டுவாடாவில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஆளாளுக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் செலவு நிற்கும். செட்டுத் தலைவர் ஒருவர் கையில் 40,000 ரூபாயை ரொக்கமாகத் திணித்து "நீயே பிரிச்சுக்கோ" என்றால் நிற்காது. ஒரு நாளில் ஒருவருக்கு ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததைச் செலவாக ஏற்கமாட்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வருடத்தில் 9 லட்சத்துக்குப் பில் போட்ட ஒருவருக்கு 9,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். 6 சதவீதம் என்று 54,000 காட்டினால் வரி இல்லை, 9,000 திரும்பும். உண்மையில் மூன்றரை லட்சம் மிஞ்சியிருந்து அதையே காட்டினால்? அப்போதும் வரி இல்லை, அதே 9,000 திரும்பும். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி கிடையாது. சட்டமும் 6 சதவீதத்துக்கு மேல் சம்பாதித்திருந்தால் மேலே காட்டு என்றுதான் சொல்கிறது. பிறகு எதற்கு ஒளிக்கிறீர்கள்? வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது பேங்க் மேனேஜர் ரிட்டர்னைப் புரட்டி, மாதம் 4,500 ரூபாய் சம்பாதிப்பவர் எப்படி இ.எம்.ஐ. கட்டுவார் என்றுதான் பார்ப்பார். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர் வாடகை வீட்டிலேயே இருப்பதில் பாதிக் காரணம் இந்தச் சின்ன எண்.

இன்னொன்று. பிடித்த பணம் உங்கள் பெயரில் ஏறியதா என்று 26ஏஎஸ் என்று பழகிய வரி வரவு விவரத்தில் பாருங்கள். பான் எண்ணில் ஒரு எழுத்து தப்பினாலும் வரவு தெரியாது. பிடித்தவர்தான் திருத்த வேண்டும். வேலை முடிந்து, பெரிய காண்டிராக்டர் வாணியம்பாடிக்கோ ஓசூருக்கோ போன பிறகு அவரைத் தேடி அலையாதீர்கள். பில் பணம் வாங்கும்போதே டி.டி.எஸ். சான்றிதழையும் கேளுங்கள்.

ரிட்டர்னுக்கான கெடுவை விட்டவர்களுக்கும் டிசம்பர் 31 வரை வழி உண்டு. அதற்குள் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள், தம்பிகளா.