லூர்து நகரின் சாட்சியம்

பிரான்சு தேசத்து லூர்து நகரில், 1858-இல் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி தேவமாதாவைத் தரிசித்ததாகச் சொன்ன குகையை நாடிவந்து பிணி நீங்கப்பெற்றதாக அறிவித்தவர்கள் 7,000 பேருக்கு மேலிருக்க, திருச்சபை அற்புதமென அங்கீகரித்தவையோ 70-ஐச் சற்றே தாண்டுவன என்பதைக் காணுங்கால், சந்தேகத்தை விசுவாசத்தின் சத்துருவென்று கருதுவோர் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. விளங்காத குணம் என்று சொல்வதோடு வைத்தியரின் வேலை முடிகிறது. அதைத் தெய்வச்செயல் என்பது விசுவாசியின் துணிபு. இரண்டையும் குழப்புவதே இரு தரப்பாருக்கும் வாடிக்கை. 1902-இல் சந்தேகியாகவே அங்கு சென்ற வைத்தியர் அலெக்சிஸ் காரெல், மரணத் தறுவாயிலிருந்த மரி பாயி என்ற பெண்ணின் வீங்கிய வயிறு தம் கண்ணெதிரே வற்றியதைக் குறித்துவைத்தார் (சகாக்களின் ஏளனம் அவருக்குக் கிடைத்த சன்மானம்!). 1912-இல் நோபல் பரிசு பெற்ற அத்தகையவரே சாட்சியாக நின்றும், அந்தக் குணத்தைத் திருச்சபை அற்புதமாக ஏற்கவில்லை.