மாட்டுக் கிருமி தாயா, பங்காளியா?

கிருமிகளுக்குள் உறவுமுறை தேடி என்ன பயன் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. காசநோயை முன்வைத்தே அதற்கு விடை சொல்ல விரும்புகிறேன்.

மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கியபோது பாலோடு காசநோயையும் பெற்றுக்கொண்டான் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2002இல் வெளியான மரபணு ஒப்பீடு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. காசநோய்க் கிருமிகள் தமக்குள் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்வது மிக அரிது; ஒருமுறை இழந்த துண்டு மீண்டும் வந்து சேர்வதில்லை. மனிதக் கிருமியில் உள்ள பல துண்டுகள் மாட்டுக் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸில் இல்லை. இழந்ததிலிருந்து இழக்காதது பிறந்திருக்க இயலாது. ஆகவே மாட்டுக் கிருமி நம் கிருமிக்குத் தாயன்று; ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த பங்காளி.

2003இல் போவிஸின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது, இரண்டும் 99.95 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருப்பது தெரிந்தது. எஞ்சிய சிறு வேறுபாட்டை அற்பமென்று தள்ளிவிட முடியாது. காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளுள் ஒன்றான பைரசினமைடு போவிஸிடம் பலிப்பதில்லை. ஒரே ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதே அதற்குக் காரணம்.

காய்ச்சாத பால் வழியாகவும், நோயுற்ற மாட்டின் மூச்சு வழியாகவும் போவிஸ் மனிதரைத் தொற்றும். ஆனால் இந்தியாவில் தேட வேண்டியது போவிஸை மட்டும்தானா? வேலூரில் 940 மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில் போவிஸ் ஒன்றிலும் இல்லை. மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் என்னும் மற்றொரு பங்காளி 7 மாதிரிகளில் இருந்தது. ஓரிக்ஸ் எனும் மறிமானின் பெயரைத் தாங்கிய அக்கிருமி தெற்காசிய மாடுகளிடமும் காணப்படுகிறது. போவிஸை மட்டும் தேடும் சோதனையின் கண்ணில் அது படாது.

7 சிறிய எண்தான். ஆயினும் 2019 கணக்கெடுப்பின்படி 19 கோடிக்கும் மேற்பட்ட பசுவினங்களும், அவற்றைத் தவிர எருமைகளும் வாழும் நாட்டில் அதைப் புறக்கணிக்கலாகாது. நம் மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படும் மூலக்கூறு சோதனை காசநோய் உண்டா, ரிபாம்பிசின் மருந்து பலிக்குமா என்பதைச் சொல்லும். குடும்பத்தில் எந்தக் கிருமி என்று சொல்லாது. அது தெரியாதவரை, நோயாளியின் வீட்டுத் தொழுவத்தையும் சோதிக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றாது. மனித மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒரே நோயை இரு வேறு பதிவேடுகளில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

உறவுமுறை தேடுவதன் பயன் இதுதான்: நோய் எந்த வாசல் வழியாக வந்தது என்பதை அதுவே காட்டுகிறது. அடைக்க வேண்டிய வாசல் எதுவென்று அப்போதுதான் நமக்குத் தெரியும்.