கம்பி போடாத நாட்கள்

21 ஜூலை 2024, ஞாயிறு

பொம்மிடியில் பாசஞ்சர் ஏறி சேலம். ரைபிள் கிளப்புக்குப் புது பாயின்ட் டூ டூ ரைபிள் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் பெரியப்பா என்று அங்கே போட்டிக்குச் சுடும் தம்பி மகள் பாப்பா நாலு நாளாக நச்சரித்தாள். ஜெர்மன் அன்ஷூட்ஸ். லைசென்ஸ் கிளப் பெயரில் இருப்பதால் ஆயுத அறையைத் தாண்டி வீட்டுப் பக்கம் வராது. நான்தான் போக வேண்டும்.

உட்காருவதற்குள் கிளப் செயலாளர் ஆரம்பித்தார். "ஹவில்தார் சார், புதுப் பேரலுக்கு ஒரு குண்டு சுட்டு ஒரு தடவை துடைக்கணுமாமே? அப்படி எத்தனை குண்டு வரைக்கும் பண்ணணும்?"

எனக்கு அந்தக் கேள்வியை விட மேஜை மேல் கிடந்த, பேரல் துடைக்கும் கம்பிதான் கண்ணில் பட்டது. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி. உள்ளே தள்ளும்போது வளையும், மூட்டு விளிம்பு உள்சுவரை உரசும். மெத்தென்ற அலுமினியத்தில் மண்துகள் பதிந்துவிட்டால் அரம்தான். பட்டாளத்தில் நான் பார்த்த வரையில் குண்டு தேய்த்துக் கெட்ட பேரலை விடக் கம்பி தேய்த்துக் கெட்டது அதிகம். குறிப்பாக வாய் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு ஒரு பக்கமாகச் சீறிக் குண்டைத் தள்ளிவிடும்.

பூச்சு போட்ட, ஒரே துண்டான நீளக் கம்பி ஒன்று பழைய பெட்டியில் இருந்தது. அதை வைத்துப் பின்பக்கத்திலிருந்து மட்டும் தள்ளி, கம்பெனியில் துரு பிடிக்காமல் இருக்கப் போட்ட எண்ணெயை எடுத்தோம். ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. துணி வாய் வழியே வெளியே விழுந்ததும் கம்பியை மெதுவாக இழுத்தோம். இதை மட்டும் எந்தப் புதுப் பேரலுக்கும் தவிர்க்கக் கூடாது. எண்ணெய் தேங்கிய குழலில் சுட்டால் முதல் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

22 ஜூலை, திங்கள்

செயலாளர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. ரெஜிமென்டில் எங்களுக்கும் அதே பாடம்தான்: சுட்ட அன்று துடை, மறுநாள் துடை, அதற்கு மறுநாளும் துடை. குழலுக்குள் இழுக்கும் புல்த்ரூ கயிறு, நாலுக்கு ரெண்டு அங்குலச் சிந்தித் துணி, எண்ணெய் டப்பா. கோத்தில், அதாவது ஆயுத அறையில், ஒப்படைக்கும்போது கருப்பு தெரிந்தால் அன்றைய சாப்பாடு தள்ளிப் போகும்.

இந்த வழக்கம் பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள் காலத்தது. அந்தத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிக் குழலில் படியும். சாப்பாட்டு உப்பின் பங்காளி. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள் அந்தக் காலத்தில். பிறகு வந்த பிரைமர்களில் அந்த உப்பு இல்லை. உப்பு போனது, உத்தரவு மட்டும் போகவில்லை. ஆயிரம் பேர் துப்பாக்கியை ஒரே ஒழுங்கில் வைத்திருக்க அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே உத்தரவைப் போட்டிக்குச் சுடும் பெண்ணின் ரைபிளுக்குப் போட்டால் நஷ்டம் அவளுக்கு.

பாயின்ட் டூ டூ குண்டு வெறும் ஈயம், 40 கிரெய்ன், நம் கணக்கில் 2.6 கிராம். மேலே மெழுகோ கொழுப்போ தடவியிருக்கும். முதல் சில குண்டுகள் அந்த மெழுகைக் குழல் நீளத்துக்கும் மெல்லிய படலமாகப் பூசும். தோசைக்கல் பழகுகிற மாதிரிதான். பூச்சு சீரானதும் குண்டுகள் ஒரே இடத்தில் விழ ஆரம்பிக்கும். சுரண்டி எடுத்தால் திரும்ப முதலிலிருந்து.

24 ஜூலை, புதன்

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர் மலையிலிருந்து கீழே இறங்கியபோது வீட்டுக்கு வந்தார். நாடாளுமன்றத் தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த தர்ட்டி நாட் சிக்ஸ் ரைபிள் ஜூனில்தான் கைக்கு வந்ததாம். வாங்கியும் அதிக நாள் ஆகவில்லை. அவருக்கும் அதே ஒரு குண்டு, ஒரு துடைப்புச் சந்தேகம்.

இவர் விஷயம் வேறு. அந்தக் குண்டுக்குச் செப்புக் கலவைச் சட்டை. தோட்டா உட்காரும் அறையைக் குடைந்த கருவியின் கோடுகள், அறை முடிந்து வரிகள் தொடங்கும் தொண்டையில் குறுக்காக நிற்கும். அவை செப்பைச் சுரண்டி எடுக்க, சூட்டில் அது முன்னே போய்ப் படியும். அமெரிக்கக் குழல் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே இதில் சண்டை. க்ரீகர் கம்பெனி, தொண்டை மழமழப்பாகும் வரை சுட்டுச் சுட்டுத் துடை என்கிறது. கேல் மெக்மில்லன் என்ற பேர்பெற்ற மனிதர், இதெல்லாம் பேரல் சீக்கிரம் தேய்ந்து இன்னொன்று விற்பதற்கான வழி என்றார்.

என் கட்சி நடுவில். அம்மோனியா கலந்த திரவம் தொட்ட துணியில் செப்பு நீலமாகத் தெரியும். முதல் சில குண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீலம் குறைந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்றேன். பித்தளை முனை மாட்டிய கம்பி என்றால் அந்தப் பித்தளையே நீலம் காட்டும்! அதை நம்பித் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பெட்டியில் வைக்கும்போது எண்ணெய் பூசுங்கள், சுடுவதற்கு முன் காய்ந்த துணி விடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அவருக்கு இவ்வளவு போதும்.

28 ஜூலை, ஞாயிறு

ரேஞ்சில் 50 மீட்டர். அந்தத் தூரத்து இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். துடைத்த பேரலில் முதல் அட்டை பரந்து கிடந்தது. பத்துப் பதினைந்து குண்டுக்குப் பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. அட்டைகளைச் செயலாளர் முன்னால் வரிசையாக வைத்தேன், நான் பேசவில்லை. பாப்பாதான் பேசினாள்: "மேட்ச் அன்னிக்குக் காலையில யாராவது கம்பிய விட்டீங்கன்னா நான் சுட மாட்டேன்."

1 ஆகஸ்ட், வியாழன்

பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலேவுக்கு வெண்கலம். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலை, 451.4 புள்ளி; இந்தப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம். கோலாப்பூர்ப் பக்கத்துப் பையன், மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இதே பேச்சு. "டிக்கெட் கேக்கறவரு மெடல் வாங்கிட்டாரு, நாம டிக்கெட்டே எடுக்கறதில்ல" என்றார் ஒருவர். பாப்பா சுடுவதும் இதே 50 மீட்டர், இதே பாயின்ட் டூ டூ தோட்டா. போனில் கத்தினாள், ஒரு வார்த்தை புரியவில்லை.

3 ஆகஸ்ட், சனி. ஆடி 18

மேட்டூர் அணை நிரம்பிவிட்டது; காவிரி வெள்ளத்தால் ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை. வீட்டிலேயே சாமி கும்பிட்டோம். மத்தியானம் சேர்வராயன் மலை அடிவாரத்து மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வந்தார். லைசென்ஸோடு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர், ஒப்படைத்து ரொம்ப வருஷமாயிற்று. எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாளா? அன்னிக்கே கழுவோணுங்க. விடிஞ்சா செவந்து நிக்கும். சுடுதண்ணி ஊத்தி, நெருப்போரம் காய வெச்சு, அப்பறந்தான் எண்ணெய்."

வேதியியல் புத்தகம் சொல்வதும் இதையேதான். நாட்டுத் துப்பாக்கிக்குப் போடும் கருமருந்தின் சாம்பல் ஈரம் குடிக்கும், தண்ணீருக்குத்தான் இளகும். பெரியவருக்கு அன்றைக்கே, எஸ்டேட்காரருக்கு நீலம் குறையும் வரை, பாப்பாவுக்கு அட்டை சொல்லும்போது. இதற்கு ஒரே எண்ணைச் செயலாளர் கேட்டால் நான் எங்கே போவேன்?

11 ஆகஸ்ட், ஞாயிறு

எண் வேண்டும் என்று செயலாளர் விடவில்லை. கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தேன். பயிற்சி முடிந்ததும் பேரலைத் தொடாதே. போல்ட்டின் முகத்தை மட்டும் துணியால் துடை. ஒவ்வொரு சில நூறு குண்டுக்கும் தொண்டையைப் பார். பாயின்ட் டூ டூவில் அறைக்கு நேர் முன்னால் கரியும் ஈயமும் சேர்ந்து கெட்டியாக வளையம் கட்டும். பல தோட்டாக்களின் பிரைமரில் கண்ணாடித் தூளும் உண்டு, அதுவும் அங்கேதான் சேரும். தோட்டாவை உள்ளே தள்ளும்போது முன்னை விட இறுக்கமாக இருந்தால், அட்டையில் காரணமில்லாமல் குண்டுகள் சிதறினால், அப்போது திரவம் விட்டு ஊறவைத்து எடு. மற்றபடி சும்மா இரு. மழைக்கால ஈரத்தில் நாள்கணக்கில் பூட்டி வைப்பதானால் மட்டும் மெல்லிய எண்ணெய்.

இன்னொன்றையும் சேர்த்தேன், யாரும் கேட்காதது. துடைத்த துணியில் இருக்கும் கருப்பில் ஈயம் இருக்கிறது. குப்பையோடு கொளுத்தக் கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக் கூடாது. செயலாளர் அப்போதுதான் வடையைக் கடித்துக்கொண்டிருந்தார். எழுந்து குழாயடிக்குப் போனார்.