திரும்பி வருவாளா?

என் தங்கையின் மகள் பேராதனையில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஒக்டோபரில் ஒரு செமஸ்டருக்கு ஜேர்மனி போகிறாள், எராஸ்மஸ் உதவிப்பணத்தில். ஐரோப்பிய மாணவர்கள் தங்களுக்குள் நாடு மாறிப் படிக்கவென்று 1987இல் தொடங்கிய திட்டம் அது. 2015 முதல் எங்களைப் போன்ற நாடுகளுக்கும் கதவு திறந்தது. செமஸ்டருக்கு 30 கிரெடிட் புள்ளி. அங்கே படிக்கும் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று போகமுதலே இரண்டு பல்கலைக்கழகமும் அவளும் கையெழுத்துப் போட்டாயிற்று. வந்து பட்டத்தை முடிப்பாள் என்ற கணக்கில்தான் அந்தத் தாளே எழுதப்பட்டிருக்கிறது.

மட்டக்களப்பில், எங்கள் கல்லடியில் ஒருவரும் இதை நம்புவதாயில்லை. "ஆறு மாசத்துல வாறதுக்கா போறாள்? போனா மறுகா ஏன்கா வரப்போறாள்?" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி.

மாமியைக் குறை சொல்ல முடியாது. வெளிநாடு என்றால் இந்த வாவிக்கரைக்குத் தெரிந்தது இரண்டு வழி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உயிரைக் காக்க சுவிஸ், லண்டன், கனடா என்று ஓடிய பொடியன்மார் ஒன்று. பெற்ற தாயின் செத்தவீட்டுக்கே வர முடியாமல் போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். மற்றது, பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போய், வந்து, மூத்தவளின் சீதன வீட்டுக்குக் கூரை போடவென்று மறுபடி போனவர்கள். படித்துவிட்டு வருகிறேன் என்று போய், சொன்னபடி வந்த பெண்பிள்ளையை ஊர் அதிகம் கண்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வீசா கொடுப்பவர்களுக்கும் மாமியின் சந்தேகம்தான். படிப்பு முடிந்ததும் என்ன செய்வாய் என்று அவர்களும் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இரவு ரயிலில் கொழும்புக்கு அலைச்சல், பிறப்புச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு, வங்கிக் கடிதம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பன் பெயரைப் போட்டதால் ஜேர்மனியிலிருந்து வரும் கடிதமெல்லாம் என் தங்கையின் புருஷனைத் திருமதியா செல்வியா என்று குழம்புகிறது.

அவள் திரும்பி வருவாள் என்பதற்கு, என்னைக் கேட்டால், ஒரே ஆதாரம் போதும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. குடி தாய்வழியில் வருகிறது; கலியாணம் முடித்துப் பெட்டியோடு வீடு மாறுகிறவன் ஆண்பிள்ளை. முக்குவர் சட்டம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் புத்தகமாகவே எழுதிவைத்த வழக்கம் இது. சட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வது மந்திரத்தை நினைத்து. மந்திரமாவது! மாமியார் வீட்டுச் சோறும் இந்த வழக்கமும்தான். வந்தவனையே போகவிடாத ஊர், பிறந்தவளை விடுமா? ஆனால் வீட்டு உறுதி இன்னும் தங்கையின் பெயரில். மகளுக்கு எழுதுவது கலியாணத்தின்போது. எந்தப் படிவத்தில் இதை நிரப்புவது?

போய்வந்தவர் இல்லாமலுமில்லை. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் அவரே முதல் தமிழ்ப் பேராசிரியர். சமாதி இங்கே கல்லடியில். துறவிக்குச் சீதன வீடு கிடையாது; ஆனாலும் வந்தார்.

இப்போது பெட்டி கட்டுகிறார்கள். ஐரோப்பாவுக்குள் பாலும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. மீன் மட்டும் 20 கிலோ வரை விடுவார்கள். சட்டத்தின் இந்தத் தயவைத் தங்கை முழுதாகப் பயன்படுத்தப் பார்த்தாள். அறையில் கூட இருக்கப்போகும் பிள்ளை யாரென்று தெரியாமல் கருவாடு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

மார்ச்சில் வந்துவிடுவாள். அதுவரை அவளை வழியில் கண்டால், எப்ப வாறாய் என்பதை விட்டுவிட்டு, என்ன படிக்கப்போறாய் என்று கேளுங்கள். உவர்நீரைப் பற்றி, 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியைப் பற்றி, சொல்ல அவளிடம் நிறைய இருக்கிறது.