எரிகிறது என்று சொல்வதும் சபூர்தான்

மார்பகப் புற்றுநோய்க்காக எம் உம்மாவுக்கு டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்து கையில் ஏற்றப்பட்டது. ஊசியைச் சுற்றி எரிந்தும், முறையிடுவது சபூருக்கு முரண் என்றெண்ணித் திக்ரில் ஆழ்ந்திருந்தார்கள். இரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால் அம்மருந்து சதையையே அரித்துவிடும். வீக்கத்தை நாம் கண்டு கூறியதும் செவிலியர் மருந்தை நிறுத்தினார். ஊசியைப் பிடுங்காமல், அதன் வழியாகவே சிரிஞ்சால் கசிவை உறிஞ்சினார். கையை உயர்த்தி வைத்துக் குளிர் ஒத்தடம் கொடுத்தார். (வின்கிறிஸ்டின் கசிந்தாலோ வெப்ப ஒத்தடம், எனவே நாமாக எதுவும் செய்யலாகாது.) புண் ஆறப் பல வாரங்கள் ஆயின.

அய்யூப் நபி (அலை) தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அவர்களையே குர்ஆன் பொறுமையாளர் என்கிறது. மதரஸாவில் ஆண்டுதோறும் இதைக் கற்பிக்கும் நாம், உம்மாவிடம் ஒருமுறையும் சொன்னதில்லை.

அடுத்த முறை, மற்றக் கையில் மருந்து ஏறத் தொடங்கியதும் உம்மாவே செவிலியரை அழைத்தார்கள்: "இலேசா எரியுதும்மா, வந்து பாரு."