மலருக்கு மேலே என்ன?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு எதிர்ச் சந்திலிருந்து வந்த அந்த அம்மாள், மகளின் பயிற்சிப் புத்தகத்தை என் வக்கீல் அலுவலக மேஜையில் விரித்து வைத்தார். ஒரே பக்கத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தது. தாள் தேய்ந்து ஓட்டை விழும் நிலை.

“சீக்கிரம் முடிச்சிடறா சார். அழிச்சிட்டு இன்னொரு வாட்டி எழுதுன்னு சொல்றாங்களாம்.”

2022–23 கல்வியாண்டு அது. மகள் பாப்பா, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மாளுக்கு ரமண நகரில் வெளிநாட்டவர் வாடகைக்கு இருக்கும் மூன்று வீடுகளில் வேலை. சீசன் முடிந்து அவர்கள் விட்டுப்போன கதைப் புத்தகங்களை வைத்தே பாப்பா ஆங்கிலம் பிடித்துக்கொண்டாள். யூரோவை ரூபாயாக்கி அம்மாவின் சம்பளக் கணக்கைப் பார்ப்பதும் அவள்தான்.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை, கொரோனாவில் பின்தங்கிய பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தத்தான் தொடங்கினார்கள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை. பாப்பா முதல் வாரமே மலரைத் தாண்டிவிட்டாள். அதற்கு மேல் நிலை இல்லை. அதனால் அவளை அரும்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உட்காரவைத்தார்கள், சம்பளமில்லாத உதவி ஆசிரியையாக.

“மலருக்கு மேல என்னா சார்?” என்று அம்மாள் கேட்டார். பள்ளிக்கூட வழக்கில் ‘மெல்லக் கற்போர்’, ‘மீத்திறன் மாணவர்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. முதல் சொல்லுக்குத் தனி வகுப்பும் பதிவேடும் இருக்கின்றன. இரண்டாவதைத் தேடி அரசு வருவது எட்டாம் வகுப்பில், உதவித்தொகைத் தேர்வு வடிவில்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடனே உயர் நீதிமன்ற ஆசை வந்துவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24(1)(ஈ) பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் கணித்து, தேவைப்படும் கூடுதல் போதனையை ஆசிரியர் தரவேண்டும் என்கிறது. ‘ஒவ்வொரு குழந்தை’ என்றால் முந்தி ஓடுகிற குழந்தையும்தானே? ரிட் மனுவின் முதல் பத்தி தலைக்குள் தயாராகிவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு புகாருக்கு வழி வைத்திருக்கிறது: எழுத்துமூலம் மனு, மூன்று மாதத்தில் முடிவு, பிறகு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. அதைத் தாண்டிச் சென்னைக்குப் போனால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். மனு போட்டோம்.

அன்று மாலை ஆசிரம வாசலில் நின்றபோது ஒன்று தோன்றியது. 1896 ஆகஸ்டில் மதுரையில், ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதும் தண்டனையில் இரண்டு தடவை எழுதி, மூன்றாவது தடவைக்கு முன் நோட்டை ஒதுக்கிவிட்டுக் கிளம்பிய பையன்தான், பின்னாளில் ரமணர், இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பாடத்தில் நாட்டமில்லை, இவளுக்குப் பாடம் போதவில்லை. இரண்டுக்கும் பள்ளிக்கூடத்திடம் ஒரே மருந்து.

மனு சுற்றிச் சுற்றி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு வந்தது. தலைமையாசிரியையைக் குறுக்குக் கேள்வியில் மடக்கிவிடலாம் என்று போனேன். அவரோ முதல் வாக்கியத்திலேயே என்னை உட்காரவைத்துவிட்டார். “நாற்பத்தி மூணு பிள்ளைங்க, அஞ்சு வகுப்பு, நாங்க ரெண்டு பேரு. அந்தப் பொண்ணு சொல்லிக்குடுக்கலைன்னா அரும்பு வரிசையை யாரு சார் பார்க்கறது?” அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது அதே சட்டத்தின் அட்டவணை. நான் தூக்கிப் பிடித்த பிரிவை நிறைவேற்ற ஆள் வைக்காததும் அந்தச் சட்டம்தான்.

அம்மாளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். டபுள் புரமோஷன் வேண்டாம் என்றார். “தினம் அரை மணி நேரம் புதுசா ஒண்ணு சொல்லித்தாங்க, போதும்.”

உத்தரவு அரைப் பக்கம்: கணக்குக்கு ஐந்தாம் வகுப்பில் உட்காரலாம், நூலகப் புத்தகம் வீட்டுக்குத் தரவேண்டும், பிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வைக்கக் கூடாது. கோடை விடுமுறை வரை நடந்தது. ஜூனில் தலைமையாசிரியைக்கு மாறுதல். புதிதாக வந்தவருக்கு அப்படியொரு உத்தரவே தெரியவில்லை.

ஆணையத்துக்கான மேல்முறையீட்டைத் தட்டச்சு செய்து வைத்தேன். அம்மாள் கையெழுத்துப் போட வரவில்லை. பாப்பாவைத் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்துவிட்டாராம். சட்டம் தரும் 25 சதவீத இலவச இடம் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான், நான்காம் வகுப்புக்குக் கிடையாது. மூன்று வீட்டு வேலை இப்போது ஐந்து வீடாகியிருக்கிறது.