காம்ப்டன் ஆட்டக்களம்

லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றிருந்த நாம், அந்நகரின் தெற்கே உள்ள காம்ப்டனையும் கண்டுவர விழைந்தோம். ‘அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று நண்பர்கள் வியந்தனர். பூங்காவில் ஒரு பொது டென்னிஸ் களம், அவ்வளவே. ஆனால் வீனஸ், செரீனா என்னும் சகோதரியர் இளமையில் மட்டை பிடித்துப் பழகியது இவ்வூர்ப் பொதுக் களங்களிலேதான்.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆடிவந்த ஆட்டம் அது. தந்தையார் ரிச்சர்ட் வில்லியம்ஸ் நூல்களைப் படித்துத் தாமே கற்றுப் பெண்மக்களுக்குக் கற்பித்தார். கடைத் தள்ளுவண்டி நிறையப் பழைய பந்துகள்! சில நாட்களில் அருகே துப்பாக்கி ஒலி கேட்குமாம். 1991இல் குடும்பம் புளோரிடாவிற்குப் பெயர்ந்தது. ஆயினும் 2003இல் அவர்தம் தமக்கை ஒருவர் இதே காம்ப்டனில் சுடப்பட்டு மாண்டார். களத்தருகே நின்று அதனை எண்ணியபொழுது நமக்குப் பேச்சு எழவில்லை.

ஒற்றையர் ஆட்டத்தில் செரீனா 23, வீனஸ் 7 எனப் பெரும் பட்டங்கள் வென்றதை நேயர்கள் அறிவர். நாம் அதனினும் பெரிதாகப் போற்றுவது வேறொன்று. விம்பிள்டனில் ஆடவரினும் மகளிர்க்குப் பரிசுத்தொகை குறைவாகவே இருந்துவந்தது. 2005இல், இறுதியாட்டத்திற்கு முந்திய நாள், வீனஸ் அதிகாரிகள் முன்னிலையில் சமபரிசு வேண்டி வாதாடினார். மறுநாள் பட்டமும் வென்றார். 2007இல் விம்பிள்டன் இணங்கியது. அவ்வாண்டு மகளிர் ஒற்றையர் பட்டத்துடன் அச்சமபரிசைப் பெற்றவரும் வீனஸே.